இர்விங், ஹாதார்ன், போ, மெல்வில்: பழைய அமெரிக்கச் சிறுகதையை யாரிடம் தொடங்குவது?

பழைய அமெரிக்கச் சிறுகதைகளை ஆங்கிலத்திலேயே படித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, யாரை முதலில் எடுப்பது என்பதுதான். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு முறை முயன்றவர்கள். கனமான தொகுப்பு ஒன்றை வாங்கி, காலவரிசைப்படி முதல் கதையில் இறங்கி, நாலு பக்கம் தாண்டாமல் புத்தகத்தை அலமாரிக்கு அனுப்பியவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’ கதையை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் மலை வர்ணனையிலேயே இறங்கிக்கொண்டேன்.

இர்விங், நத்தேனியல் ஹாதார்ன், எட்கர் ஆலன் போ, ஹெர்மன் மெல்வில். பெரும்பாலும் இந்த நாலு பெயருக்கு நடுவில்தான் ஆட்கள் திண்டாடுகிறார்கள். நாலு பேருமே படிக்கச் சிரமமானவர்கள். ஆனால் ஒவ்வொருவர் தரும் சிரமமும் ஒவ்வொரு ரகம். ஒருவர் ரொம்ப மெதுவாக நடப்பார். ஒருவர் அடிக்கடி அகராதியைத் தேட வைப்பார். ஒருவரைப் புரிந்துகொள்ள 17ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றுக்குள் போய்விட்டு வரவேண்டும். இன்னொருவர், ஒன்றுமே நடக்காத கதையை ஒன்றரை மணி நேரம் சொல்வார். யார் பெரிய எழுத்தாளர் என்ற சண்டையை விட்டுவிட்டு, இவற்றில் எந்தச் சிரமத்தை உங்களால் தாங்க முடியும் என்று பாருங்கள். தேர்வு சுலபமாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலில் நீளம். ஒரே மூச்சில் முடிகிற கதையா, நடுவில் எழுந்து போகவேண்டிய கதையா? அடுத்தது, ஆங்கிலம் எவ்வளவு கடினம். மூன்றாவது, கதைக்கு வெளியே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, இரண்டாம் முறை படித்தால் புதிதாக ஏதாவது கிடைக்குமா. இந்த நான்காவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு பேருக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்து வெகு நாளாகிவிட்டது. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் எல்லாம் இலவசம்.

| | தொடங்க ஏற்ற கதை | நீளம் (சுமார்) | சிரமம் எங்கே | மறுவாசிப்பு |
|---|---|---|---|---|
| இர்விங் | ரிப் வான் விங்கிள் (1819) | 7,000 சொற்கள் | மெதுவான தொடக்கம் | நன்றாகத் தாங்கும் |
| ஹாதார்ன் | வேக்ஃபீல்ட் (1835) | 3,000 சொச்சம் | மற்ற கதைகளில் மதப் பின்னணி | நாலு பேரில் இவரே முதல் |
| போ | த டெல்-டேல் ஹார்ட் (1843) | 2,200 | நீண்ட கதைகளில் மொழி | கதைக்குக் கதை மாறும் |
| மெல்வில் | பார்ட்டில்பி (1853) | 14,000க்கு மேல் | நீளமும் அசையாத கதையும் | வயது ஏற ஏற கூடும் |

ஒவ்வொருவராகப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். இவர்கள் ஏன் சிறுகதைப் பக்கம் போனார்கள்? கலை ஆர்வம் மட்டும் காரணமில்லை. 1891 வரை அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குப் பதிப்புரிமை தரவில்லை. டிக்கன்ஸ் நாவலைச் சல்லிக்காசு கொடுக்காமல் அச்சடித்து விற்கலாம் என்றிருக்கும்போது, உள்ளூர்க்காரர் நாவலுக்குப் பணம் கொடுக்க எத்தனை பதிப்பாளர் முன்வருவார்கள்? உள்ளூர் எழுத்தாளருக்கு மிஞ்சியது பத்திரிகைகளும் ஆண்டு மலர்களும். பாஸ்டனில் வந்த ‘த டோக்கன்’ அப்படி ஒரு மலர். நம் தீபாவளி மலர் மாதிரி, பண்டிகைக்கு ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுக்க வாங்குவார்கள். ஹாதார்னின் ஆரம்பக் கதைகள் பல அதில்தான் வந்தன, எழுதியவர் பெயர்கூட இல்லாமல். அதனால் இந்தக் கதைகளைத் தொகுப்பாக அடுக்கி, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று விழுங்குவது அவற்றுக்கு ஒத்துவராது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கதை போதும்.

## இர்விங்: முதல் இரண்டு பக்கத்தைப் பொறுத்துக்கொண்டால்

1818இல் லிவர்பூலில் இருந்த குடும்ப வியாபாரம் திவாலானது. இர்விங் பிழைப்புக்காகப் பேனாவைப் பிடித்தார். இங்கிலாந்தில் அக்கா வீட்டில் இருந்தபடி, ஹட்சன் ஆற்றங்கரை டச்சுக்காரர்களைப் பற்றி எழுதினார். 1819, 20 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வந்த ‘ஸ்கெட்ச் புக்’கில்தான் ரிப் வான் விங்கிளும், தலையில்லாத குதிரைக்காரன் வரும் ‘ஸ்லீப்பி ஹாலோ’வும் இருக்கின்றன.

கதை நமக்குத் தெரிந்ததே. மலைக்குப் போனவன் மது குடித்துத் தூங்கி, இருபது வருடம் கழித்து எழுந்து வருகிறான். கதை தெரியும் என்பதால்தான் பலர் அசலைப் படிப்பதில்லை. ஆனால் சுவை கதையில் இல்லை, சொல்லும் விதத்தில் இருக்கிறது. ஊர்த் திண்ணைச் சபைக்குத் தலைவரான விடுதிக்காரர் நிக்கோலஸ் வெட்டர் வாய் திறந்து பேசவே மாட்டார். பிடிக்காத சேதி வந்தால் சுங்கானிலிருந்து புகை குட்டிக் குட்டியாக, வேகமாக வரும். பிடித்திருந்தால் மெதுவாக, நீளமாக வரும். ஊரே அந்தப் புகையைப் பார்த்து அவர் கருத்தைத் தெரிந்துகொள்ளும். அப்புறம் அந்த விடுதிப் பெயர்ப்பலகை. ரிப் தூங்கப் போகும்போது அதில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் படம். திரும்பி வரும்போது முகம் அதேதான்; சிவப்புக் கோட்டு நீலமாகி, செங்கோல் வாளாகி, கீழே ‘ஜெனரல் வாஷிங்டன்’ என்று எழுதியிருக்கிறது. அமெரிக்கப் புரட்சி முழுவதையும் ஒரு பெயிண்டர் வேலையாகச் சுருக்கிவிட்டார் மனிதர்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. கதை கதையாகத் தொடங்காது. டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற கற்பனை வரலாற்றாசிரியர் விட்டுச்சென்ற காகிதங்களில் கிடைத்தது என்று ஒரு முன்குறிப்பு, ஒரு மேற்கோள், பிறகு மலைகள் நேரத்துக்கு ஒரு நிறம் காட்டும் வர்ணனை. நான் விழுந்த இடம் அது. இரண்டாவது, நச்சரிக்கும் பெண்டாட்டி ஜோக்குகள். ரிப்பின் மனைவி செத்துப்போன சேதியையே ஒரு ஆறுதலாகத்தான் சொல்கிறது கதை. 1819இல் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு முகம் சுளிக்கும்.

திண்ணைப் பேச்சு பிடித்தவர், ஊர்க்கதை கேட்டு வளர்ந்தவர், அவசரமில்லாதவர்: இவர்களுக்கு இர்விங் பொருந்துவார். சாப்பாட்டு வர்ணனை பிடிக்குமென்றால் ஸ்லீப்பி ஹாலோவுக்கே நேராகப் போகலாம். அதில் வாத்தியார் இக்கபாட் கிரேன் பண்ணையில் மேயும் ஒவ்வொரு பன்றியையும் வறுத்த பன்றியாகவே பார்க்கிறார். ஆனால் அது 12,000 சொல் நீளம்.

## ஹாதார்ன்: நான் கைகாட்டும் ஆள்

மாசசூசெட்ஸ் மாநிலம் சேலத்தில் 1804இல் பிறந்தவர். 1692இல் அதே சேலத்தில் சூனிய விசாரணை நடந்து பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு முதியவரைக் கற்களால் நசுக்கிக் கொன்றார்கள். விசாரித்தவர்களில் ஒருவரான ஜான் ஹாதார்ன் இவருடைய நேர் முன்னோர். அந்தப் பாரம் இவர் கதைகளில் இறங்கவே இல்லை.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ‘யங் குட்மேன் பிரவுன்’ கதையில்தான் தொடங்கச் சொல்லும். அது வேண்டாம் என்பேன். சேலத்து இளைஞன் ஒருவன் ராத்திரி காட்டுக்குள் போகிறான். பாம்பு போல நெளியும் கைத்தடி வைத்திருக்கும் ஒருவர் அவனுக்காகக் காத்திருக்கிறார். போகப்போக, ஊரிலுள்ள பெரிய மனிதர்கள், வேதப்பாடம் சொல்லிக்கொடுத்த கிழவி, எல்லோரும் அந்தக் காட்டுக்கே வந்து சேர்கிறார்கள். அருமையான கதை. ஆனால் ‘குட்மேன்’ என்பது ஆளின் பெயரில்லை, சாதாரணக் குடியானவரைக் கூப்பிடும் மரியாதைச் சொல் என்பதே பலருக்குத் தெரியாது. கிழவி க்ளாய்ஸ், மார்த்தா கேரியர் என்ற பெயர்கள் 1692 விசாரணையில் மாட்டிய நிஜப் பெண்களுடையவை என்பதும் தெரியாது. தெரியாமல் படித்தால் அது வெறும் பேய்க்கதை. தெரிந்துகொண்டு படித்தால் இன்னொன்று: தன் தாத்தாக்கள் நிரபராதிகள்மேல் வீசிய பழியை, ஹாதார்ன் ஊர் முழுக்கப் பரப்பிப் பார்க்கிறார், அதை நம்பிய ஒருவன் வாழ்நாள் முழுக்க யாரையும் நம்பமுடியாமல் எப்படிப் பாழாகிறான் என்று. இந்த இரண்டாவது வாசிப்புக்கு அரை மணி நேரத் தயாரிப்பு வேண்டும். முதல் நாளே அதைச் செய்யச் சொன்னால் யார் கேட்பார்கள்?

‘வேக்ஃபீல்ட்’ அப்படியில்லை. லண்டனில் ஒருவன் மனைவியிடம் மூன்று நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். போனது அடுத்த தெருவுக்கு. அங்கே அறை எடுத்து இருபது வருடம் இருக்கிறான், தினமும் தன் வீட்டைப் பார்த்தபடி. பிறகு ஒரு சாயங்காலம், ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தவன் மாதிரி வீட்டுக்குள் நுழைகிறான். இதைச் சொன்னதால் நான் கதையைக் கெடுக்கவில்லை. ஹாதார்னே முதல் பத்தியில் முழுவதையும் சொல்லிவிடுகிறார். சொல்லிவிட்டு, ‘சரி, இவன் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பான், வாருங்கள் யோசிப்போம்’ என்று நம்மை உட்கார வைத்துவிடுகிறார். வாசகருக்கு வழி தப்பவே தப்பாது. தேவாலயம் இல்லை, சூனியம் இல்லை, ஆங்கிலமும் நடுத்தரம். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் ஹாதார்ன் கதைகளில் இதைத்தான் உச்சியில் வைத்தார்.

இதை முடித்த கையோடு ரிப் வான் விங்கிளுக்குப் போங்கள். இரண்டிலும் இருபது வருடம், இரண்டிலும் வீட்டைவிட்டுப் போன புருஷன். ஒருவன் தூங்கித் தொலைத்த இருபது வருடத்தை இன்னொருவன் விழித்துக்கொண்டே தொலைக்கிறான். ரிப்புக்கு ஊர் மன்னித்து நாற்காலி போட்டுக் கொடுக்கிறது. வேக்ஃபீல்டு விஷயத்தில், ஹாதார்ன் வாசலோடு நின்றுவிடுகிறார். உள்ளே மனைவி என்ன சொன்னாள் என்று சொல்வதில்லை. மூன்றாம் முறை நான் இர்விங்கை முடித்தது இந்த வழியாகத்தான்.

ஹாதார்னிடம் உள்ள செலவு உபதேசம். கதை முடிந்ததும் ஒரு நீதியை நீட்டுவார். வேக்ஃபீல்டிலும் உண்டு. அந்த நீதி கதைக்குச் சரியாகப் பொருந்தாமல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தால், அது இடைஞ்சலாக இல்லாமல் ருசியாக மாறும். முகத்தில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு சாகும்வரை காரணம் சொல்லாத பாதிரியாரின் கதையில் (‘த மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்’, 1836) இது இன்னும் நன்றாகத் தெரியும். ‘ராப்பச்சினிஸ் டாட்டர்’ (1844) நமக்குக் கொஞ்சம் நெருக்கம். விஷச்செடிகளுக்கு நடுவில் விஷத்தோடு வளர்ந்த பெண் அதில் வருகிறாள். அலெக்சாண்டருக்கு இந்திய அரசன் ஒருவன் அனுப்பிய நஞ்சூட்டி வளர்த்த அழகியின் கதையை ஒரு பாத்திரம் நடுவில் சொல்கிறது. நம் விஷகன்னிதான், இத்தாலியில் போய் நிற்கிறாள்.

## போ: சீக்கிரம் உள்ளே இழுப்பவர்

‘த டெல்-டேல் ஹார்ட்’ பதினைந்து நிமிடக் கதை. தனக்குப் பைத்தியமில்லை என்று ஒருவன் நமக்குச் சத்தியம் செய்யத் தொடங்குவதிலேயே கதை ஓட ஆரம்பித்துவிடும். ‘த காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ’ (1846) கிட்டத்தட்ட அதே நீளம். திருவிழா இரவில் ஒருவன் நண்பனை மதுக்கிடங்குக்குள் அழைத்துப்போகும் கதை. ஒரு கதை ஒரே அமர்வில் படித்து முடிப்பதாக, ஒரே உணர்வை நோக்கிப் போவதாக இருக்கவேண்டும் என்பது போவின் கொள்கை. அதை அவர் எழுதி வைத்தது 1842இல், ஹாதார்ன் தொகுப்பு ஒன்றுக்கு எழுதிய மதிப்புரையில்.

ஆங்கிலம் படித்து நாளாகிவிட்டது, பழக்கம் திரும்ப வேண்டும் என்பவருக்கு இந்த இரண்டு கதைக்கு ஈடு இல்லை. துப்பறியும் கதைப் பிரியர்களுக்கும் இவர்தான். 1841இல் வந்த ‘த மர்டர்ஸ் இன் த ரூ மார்க்’கிலிருந்துதான் அந்தக் குடும்பமே கிளைத்தது. எச்சரிக்கை: கொலை வருவதற்கு முன் பகுத்தாயும் மூளையைப் பற்றி ஒரு சொற்பொழிவு இருக்கிறது. சதுரங்கம் உசத்தியா, சீட்டாட்டம் உசத்தியா என்றெல்லாம் போகும். வேண்டுமானால் அதைத் தாண்டிவிட்டு, கதை முடிந்தபின் வந்து படிக்கலாம். ஒன்றும் குறையாது.

இனி செலவுகள். குட்டிக் கதைகளின் வேகத்தை நம்பி ‘அஷர் மாளிகை’க்கு (‘த ஃபால் ஆஃப் த ஹவுஸ் ஆஃப் அஷர்’) போனால் அடி விழும். முதல் வாக்கியமே ஒரு மூச்சில் முடியாது. லத்தீனும் பிரெஞ்சும் அங்கங்கே நிற்கும். அடுத்து, வரிசையாக நாலைந்து படித்தால் திகட்டும். மூன்றாவது செலவு பெரியது. போவில் தொடங்குகிறவர்களுக்கு மற்ற மூவரும் மந்தமாகத் தெரிவார்கள். கதை என்றால் கடைசி வரியில் அடி விழவேண்டும் என்ற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ‘கோல்ட்-பக்’ கதையில் கறுப்பின வேலைக்காரர் ஜூபிடரை எழுதியிருக்கும் விதமும் இன்றைக்குச் சகிக்காது.

அமெரிக்காவைப் பார்க்கத்தான் இந்தக் கதைகளுக்கு வருகிறீர்கள் என்றால், போ ஏமாற்றுவார். அவர் கதைகள் பெரும்பாலும் பாரிஸில் நடக்கும், இத்தாலியில் நடக்கும், அல்லது எந்த ஊர் என்றே தெரியாத இடத்தில் நடக்கும். வர்ஜீனியா மலையில் தொடங்கும் ஒரு கதைகூட (‘எ டேல் ஆஃப் த ராகெட் மவுண்டன்ஸ்’, 1844) பாதி வழியில் காசிக்கு ஓடிவிடுகிறது, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கலவரத்துக்கு. அவருடைய சிறந்த கதைகளில் ஒன்றில்லை. ஆனாலும் நமக்கு ஒரு வேடிக்கை.

## மெல்வில்: ஆபீஸ் போகிறவர்களுக்கு

அமெரிக்கச் சிறுகதையின் ‘ஆரம்ப காலம்’ என்ற சொல்லை மெல்வில் வரைக்கும் இழுக்கலாமா என்று சண்டை போடுவார்கள். ‘பார்ட்டில்பி’ வந்தது 1853 கடைசியில், ஒரு மாதப் பத்திரிகையில் இரண்டு இதழ்களாக. நான் இழுப்பேன்.

வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ். ஜெராக்ஸ் இல்லாத காலம். பத்திரங்களைக் கையால் நகலெடுக்கும் குமாஸ்தாக்கள். புதிதாக வந்தவன் ஒருநாள், சொன்ன வேலைக்கு, அதைச் செய்யாமலிருக்கவே விரும்புகிறேன் என்கிறான். கோபமில்லை, விளக்கமில்லை. முதலாளியும் அவனைத் துரத்துவதில்லை. கடைசியில் அவனை வெளியேற்ற முடியாமல் முதலாளி தன் ஆபீஸையே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறார்! இருபத்தைந்து வயதில் படித்தபோது எனக்கு இது ஒரு விசித்திரமான ஆளின் கதை. நாற்பதுக்கு மேல் படித்தபோது வக்கீலின் கதை: நல்லவராக இருக்கவும் வேண்டும், அதற்கு எந்தச் செலவும் ஆகக்கூடாது என்று நினைக்கிற ஒருவரின் கதை.

செலவு, நேரம்தான். முதல் கால்வாசி, மத்தியானத்துக்கு மேல் முகம் சிவந்துபோகும் டர்க்கி, காலையில் அஜீரணத்தால் படுத்தும் நிப்பர்ஸ் என்று மற்ற குமாஸ்தாக்களுக்கே போய்விடும். அதைத் தாண்டாதீர்கள், நாலு பேரில் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் பக்கங்கள் அவைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கமுடியும் என்றால் எடுங்கள். பஸ்ஸில் பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் படித்தால் வீண்.

## எந்தப் புத்தகம்

ஆளைத் தேர்ந்தெடுத்தபின் புத்தகத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. குட்டன்பர்க் பிரதி வேக்ஃபீல்டுக்கும் டெல்-டேல் ஹார்ட்டுக்கும் போதும். குட்மேன் பிரவுனுக்கும் அஷர் மாளிகைக்கும் அடிக்குறிப்பு உள்ள பதிப்பு வேண்டும். அங்கே காசு செலவழிப்பது நியாயம். லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகளும் இலவசம். வாசிப்பவரைப் பொறுத்து தரம் மாறும் என்றாலும், இர்விங்குக்குக் காது கண்ணைவிட உதவும். மலை வர்ணனை காதில் விழும்போது அவ்வளவு நீளமாகத் தெரிவதில்லை.

சுருக்கிய பதிப்புகளிடம் மட்டும் ஜாக்கிரதை. எளிய ஆங்கிலத்தில் என்று அட்டையில் போட்ட ஒரு தொகுப்பை வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன்: நிக்கோலஸ் வெட்டர் இருந்தார், அவர் புகை இல்லை. கடையில் நின்றபடியே சோதித்துவிடலாம். ரிப் வான் விங்கிளைத் திறந்து பாருங்கள். நிக்கர்பாக்கரின் காகிதங்களைப் பற்றிய முன்குறிப்போடு தொடங்கினால் வாங்கலாம். எடுத்த எடுப்பிலேயே ‘ஒரு ஊரில் ரிப் என்றொருவன் இருந்தான்’ என்று ஆரம்பித்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.